92 என்ற குறியீடு

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், விடியுமுன் எழுந்து சமைத்து, துவைத்து, மாமியாருக்கு மருந்து கொடுக்கும் பெண்ணுக்கு இடப்படும் குறியீடு 92: வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர். உழைப்போர் கணக்கில் அவர் வரமாட்டார். அதே வேலையை அடுத்த வீட்டில் சம்பளத்துக்குச் செய்தால் வந்துவிடுவார்! எது உழைப்பு என்ற தீர்ப்பு, வினாத்தாள் அச்சாகும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. களப்பணியாளர் எவ்வளவு நேர்மையாகப் பதிந்தாலும் அது மாறாது. 2019இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கேள்வியை மாற்றிக் கேட்டது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவது தெரிந்தது.

சமையலையும் சேர்த்தால் வேலையின்மை என்ற கருத்தே குழம்பும் என்று புள்ளியியலாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அதை விலக்குவதும் விழுமியம் சார்ந்த ஒரு தேர்வுதானே. விழுமியங்களுக்கு இடம் கொடுத்தால் ஆய்வு பிரசாரமாகிவிடாதா என்பதுதான் கனமான ஆட்சேபம். சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1904இலேயே இதற்குக் கோடு கிழித்தார்: எதைக் கேட்பது என்பதில் ஆய்வாளரின் விழுமியம் நுழையலாம், விடையில் நுழையக் கூடாது. அந்த 299உம் 97உம் இடம் மாறி வந்திருந்தாலும் அப்படியே அச்சேற்றியிருக்க வேண்டும். ஆகவே வரையறைகளை யார், எதற்காக வகுத்தார்கள் என்பதை அறிக்கைகள் பின்னிணைப்பில் ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே சொல்லட்டும். மாற்றுக் கருத்துடையவர் சோதித்துப் பார்க்க மூலத் தரவும் திறந்திருக்கட்டும்.