பங்குத் தாள் கூலியாகுமா?

உழைத்தவனுக்குக் கூலியைக் காசாகவே கொடுத்தல் வேண்டும் என்பது நாகரிக உலகம் ஏற்றுக்கொண்ட நீதி. முதலாளியின் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் சீட்டுகளையும் பண்டங்களையும் கூலியென்று கொடுத்த கொடுமையை ஒழிக்க இங்கிலாந்து 1831 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. இலங்கையின் 1941 ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், தன்கீழ் வரும் தொழில்களில் சம்பளம் சட்டபூர்வமான நாணயத்திலேயே கொடுக்கப்படல் வேண்டும் என்று விதித்தது. இந்த நீதிக்கு அமெரிக்காவிலே ஒரு புதிய சோதனை எழுந்ததை நம்மவர் அறிந்திருத்தல் நன்று.

கைத்தொலைபேசிச் செயலியின் கட்டளைப்படி வாடகைக் கார் ஓட்டுவோரும் உணவு கொண்டு செல்வோரும் அங்கே பெருந்தொகையினர். கம்பனிகள் இவர்களை ஊழியர் என்று ஏற்பதில்லை. சுயாதீன ஒப்பந்தகாரர் என்கின்றன. ஆகவே ஊழியருக்குரிய குறைந்தபட்சச் சம்பளமும் வேலையின்மைக் காப்புறுதியும் கேட்க இவர்களுக்குப் பொதுவாக வழியில்லை. ஊழியருக்கும் ஆலோசகருக்கும் பங்குகளைப் பதிவு செய்யாமலே ஊதியமாகக் கொடுக்க அந்நாட்டின் 701 ஆம் விதி இடமளிக்கின்றது. அச்சலுகையைச் செயலித் தொழிலாளருக்கும் விரிவாக்கும்படி ஊபர் முதலிய கம்பனிகள் 2018 இல் வேண்டின.

2020 நவம்பரில் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு ஐந்தாண்டுப் பரீட்சார்த்தத் திட்டம் ஒன்றை முன்மொழிந்தது. ஓராண்டு ஊதியத்தில் 15 வீதம் வரை, மூன்றாண்டுகளில் 75,000 டொலருக்கு மேற்படாமல், பங்காகக் கொடுக்கலாம் என்றது. ஐந்து ஆணையாளரில் இருவர் எதிர்த்தனர். 2024 முடியும்வரை அம்முன்மொழிவு விதியாகவில்லை. ஆயினும் அதன் நிபந்தனைகளைப் பாருங்கள்! பணமா, பங்கா எனத் தெரிந்துகொள்ளும் உரிமை தொழிலாளிக்கு இருத்தலாகாது. பகிரங்கமாகக் கணக்குக் காட்டாத கம்பனியாயின், அப்பங்கைப் பிறருக்கு விற்கவும் இயலாது. தெரிந்துகொள்ளவும் முடியாது, விற்கவும் முடியாது என்றால், அதற்குக் கூலி என்று பெயரிடுவது எப்படி?

அதே 2020 நவம்பரில், கலிபோர்னியாவில் இத்தகைய கம்பனிகள் 200 மில்லியன் டொலருக்கு மேல் வாரியிறைத்து, ஓட்டுநர் ஊழியரல்லர் என்னும் சட்டத்தைப் பொதுசன வாக்கெடுப்பில் நிறைவேற்றிக்கொண்டன. ஒரு கையால் ஊழியன் என்னும் உரிமையைப் பறித்து, மறு கையால் பங்காளி என்னும் பட்டத்தைச் சூட்டுவதா? இதனைத் தாராளம் என்று நாம் ஒப்ப மாட்டோம்.

பட்டத்தின் பயனை நியூயோர்க் கண்டது. 2016 இல் ஜூனோ என்னும் வாடகைக் கார்க் கம்பனி, நிறுவனர் பங்குகளில் பாதி காலப்போக்கில் ஓட்டுநருக்கே என்று வாக்களித்தது. அதை நம்பி ஓட்டினர். 2017 இல் 200 மில்லியன் டொலருக்குக் கம்பனி கைமாறியதும் பங்குத் திட்டம் கைவிடப்பட்டது. ஓட்டுநருக்குக் கிட்டியது அற்ப தொகை. விற்பனை பற்றி அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

பங்கின் விலை ஏறுமே என்பார் உளர். ஏறலாம்; இறங்கவும் செய்யும். 2019 மே மாதத்தில் 45 டொலருக்கு வெளியிட்ட ஊபர் பங்கு முதல்நாள் மாலையில் 41.57 டொலராயிற்று. பின்னர் அது ஏறியதும் மெய்யே. 72 டொலருக்கு வெளியிட்ட லிப்ட் பங்கோ 2023 இல் 10 டொலருக்கும் கீழே போயிற்று. வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் சந்தை ஏறும்வரை காத்திரா. 2019 இல் இவ்விரு கம்பனிகளும் நெடுநாள் ஓட்டியோருக்குக் காசாகவே வெகுமதி கொடுத்து, விரும்பினால் அதைக் கொண்டு பங்கு வாங்கலாம் என்றன. காசைக் கொடுத்துவிட்டுத் தெரிவை அவனிடமே விடலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வாரத்துக்கு வயல் செய்யும் நமது கமக்காரனும் பங்குக்கே உழைக்கின்றான். ஆனால் அவன் களத்திலே நெல்லைக் கண்ணாற் கண்டு அளந்தெடுக்கின்றான். அவனுக்குங்கூட அது போதவில்லை. நினைத்தபோது வெளியேற்றப்படுபவனுக்குப் பங்கினால் பாதுகாப்பில்லை என்பதாலேயே, 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அவனுடைய செய்கை உரிமையைக் காக்க முற்பட்டது. செயலித் தொழிலாளியை வெளியேற்றவோ ஒரு விரல் அழுத்தமே போதும்!

இந்நாட்டிலும் முச்சக்கர வண்டி ஓட்டுவோரும் உணவு கொண்டு செல்வோரும் செயலிகளின் கீழ் உழைக்கின்றனர். இத்தகைய சட்டம் நாளை இங்கும் பேசப்படலாம். அப்பொழுது நமது சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் வாளாவிருத்தலாகாது. நாம் பங்குக்குப் பகைவரல்லர். முதலில் முழுக் கூலியும் காசாக வரட்டும். ஊழியர் சேமலாப நிதியும் விபத்துக் காப்பும் உறுதியாகட்டும். அதற்கு மேலாகப் பங்கு தருவதாயின், மறுக்கும் உரிமையோடும், விற்கும் உரிமையோடும், வாக்குரிமையோடும் தரட்டும். கூலிக்குப் பதிலாகப் பங்கு என்றால், கம்பனியின் நட்டத்தை ஏழையின் தலையில் ஏற்றுவதே அதன் பொருள். அதனை நாம் ஏற்கமாட்டோம்.