பால் வற்றிய சினைமாடுகளுக்கும் கோடையில் தீவனக் கடன் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், கிராமப் பால் உற்பத்தியாளர் சங்கம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

நகல்: மண்டல இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை; பொது மேலாளர், மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் ஒன்றியம்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் சங்கத்தில் பால் ஊற்றுவோரில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு கலப்பின ஜெர்சி மாடுகளை நம்பிப் பிழைப்பவர்கள். கலப்புத் தீவன மூட்டையைச் சங்கத்தில் கடனாக வாங்கி, பால் பணத்தில் பிடித்தம் கொடுப்பது வழக்கம். மாடு வற்றியதும் பால் பணம் நின்றுவிடுகிறது. கூடவே தீவனமும் நின்றுவிடுகிறது. வயிற்றுக் கன்று வேகமாக வளரும் கடைசி இரண்டு மாதமும் தாய்க்கு வைக்கோலும் காய்ந்த சோளத்தட்டும்தான்.

சித்திரை, வைகாசியில் ஈனும் மாடுகளின் பாடு இன்னும் மோசம். வெயிலில் வாய்நீர் ஒழுக மூச்சிரைக்கும் மாடு பகலில் தட்டைத் தொடுவதில்லை. ஈனும் நாள் நெருங்கினால் இயல்பாகவே இரை குறையும். உள்ளே போகும் கொஞ்சத்திலாவது சத்து இருந்தாக வேண்டும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தீவனம் வையுங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். சரியான யோசனைதான், வைப்பதற்குத் தீவனம் வேண்டுமே!

ஆகவே, ஈனுவதற்கு 60 நாள் முன்பிருந்து, கால்நடை மருத்துவரின் சினைச் சான்றின் பேரில், நாளொன்றுக்கு 2 கிலோ கலப்புத் தீவனம் கடனாக வழங்கி, ஈன்ற பிறகு பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ள ஆணையிட வேண்டுகிறோம். மாடு ஒன்றுக்கு 120 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை இரண்டரைகூட ஆகாது. இலவசம் கேட்கவில்லை.

அடுத்தது பால்காய்ச்சல். ஈன்றதும் சீம்பாலோடு சுண்ணாம்புச் சத்து மளமளவென இறங்க, நன்றாகக் கறக்கும் மாடுதான் முதலில் விழுகிறது. காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிடும். உடனே நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். தாமதித்தால் உயிர் போகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை இரவிலும் மருத்துவர் வர ஏற்பாடு வேண்டும். மருந்தகத்தில் கால்சியம் ஊசிமருந்து தட்டுப்பாடின்றி இருக்க வேண்டும்.

ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் கால்சியத்தை மிகுதியாகக் கொடுத்தால், எலும்பிலிருந்து சத்தை எடுக்கும் உடலின் திறன் மந்தப்பட்டு, நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. இது தெரியாமல் பலர் சினைமாட்டுக்குக் கால்சியம் டானிக் ஊற்றுகிறார்கள். எந்தத் தாது உப்பை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதை மாசி மாதமே ஊர்தோறும் முகாம் வைத்துச் சொல்ல வேண்டும்.

இவை தவிர, பசுந்தீவனத்துக்குக் கம்பு நேப்பியர் கரணைகளும், ஊராட்சி ஒன்றியத்துக்கு ஓர் உலர்தீவனக் கிடங்கும், ஊர்ப் பொது இடத்தில் நிழலோடு தண்ணீர்த் தொட்டியும் தேவை.

இவற்றில் சிலவற்றுக்கு நிதி ஒதுக்கக் காலம் ஆகலாம். தீவனக் கடனுக்கு அப்படியில்லை; ஓர் ஆணை போதும். கத்திரி தொடங்குமுன் அதை மட்டுமாவது பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்