வார்டுக் கணக்கு

தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சி என்னும் பெரிய பட்டத்தைப் பெற்றது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும், சிட்லபாக்கம் முதலிய ஐந்து பேரூராட்சிகளும் அதனுடன் கலந்தன. 70 வார்டுகளுக்கும் 2022 பிப்ரவரி 19-ந் தேதி தேர்தல் நடந்தது. அதற்கு முன் 2016 அக்டோபர் முதல் ஐந்து வருஷத்துக்கு மேலாகக் கௌன்ஸிலர் என்று ஒருவருமே இல்லாமல் நம் தெருக்கள் காலந்தள்ளின. சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாத காலம் அது.

ஸ்தல ஸ்தாபனத்தின் அருமை அப்போதுதான் பலருக்கு விளங்கிற்று. ஏழை எளியவருக்காகவே இருப்பதாகச் சொல்லும் ஸோஷலிஸக் கட்சிகளுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். ஆனால் சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் மார்க்ஸிஸ்டுகள் 2022-ல் பெற்றவை 4. இந்தியக் கம்யூனிஸ்டுகள் பெற்றது 1. மே தினத்தை 1923-லேயே சென்னைக் கடற்கரையில் கொண்டாடி, 1925-ல் சென்னை நகரசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட சிங்காரவேலரின் ஊரில் இந்த நிலைமை! தென் புறநகரமும் தொழிலாளர் பூமிதான். குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தோல் தொழிற்சாலை தந்தது.

காரணம் என்ன? கூட்டணியில் பெரிய கட்சி அளந்து கொடுக்கும் வார்டுகளில் நிற்கிறார்கள். உழைத்த வார்டு ஒன்று, கிடைத்த வார்டு வேறொன்று. கொடுக்கும் கை மேலேயும் வாங்கும் கை கீழேயும் இருக்கும் வரையில் சொந்த பலம் வளராது. கூட்டணியே கூடாதென்று நாம் சொல்லவில்லை. கேட்கிற இடத்தில் தனக்கென்று வோட்டு உண்டு என்று காட்ட முடிந்தவனுக்குத்தான் பேரத்தில் மதிப்பு.

அமெரிக்காவில் மில்வாக்கி என்றொரு நகரம். ஸோஷலிஸ்டுகள் அங்கே 1910-ல் மேயர் பதவியைப் பிடித்தார்கள். டானியல் ஹோன் என்பவர் 1916 முதல் 1940 வரை, 24 வருஷம், மேயராக இருந்தார். அவர்களுடைய ரகசியம் மேடைப் பேச்சன்று. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தொண்டர்கள் கட்டுக் கட்டாகப் பத்திரிகைகளைச் சுமந்துகொண்டு கிளம்புவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டார் படிக்கும் பாஷையில் ஒன்றைப் போடுவார்கள். எந்த வீட்டில் எந்த பாஷை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது! தமிழோடு தெலுங்கும் உருதுவும் மலையாளமும் பேசும் பல்லாவரம், தாம்பரம் தெருக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேண்டுமா?

பள்ளிக்கூடத்தில் ஆஜர்ப் பட்டியல் இல்லாமல் வகுப்பு நடத்த முடியாது என்பது நமக்குத் தெரியும். கட்சிக்கும் அப்படியே. தெருவுக்கு ஒரு தொண்டர். அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பட்டியலில் பெயர் விட்டுப்போனவர் யார், எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, மனு என்றைக்குக் கொடுத்தோம், பதில் என்ன - இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. எந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்பதும் மாறக்கூடியது. ஆகவே தேர்தல் நெருங்கிய பின் தலைவரின் மனைவியைத் தேடாமல், தெருவில் உழைத்த பெண்களையே அபேட்சகர்களாக முன்கூட்டி ஆயத்தம் செய்ய வேண்டும்.

"புரட்சி பேசிய வாய் சாக்கடையைப் பற்றிப் பேசுவதா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். மில்வாக்கிக்காரர்களையும் 1932-ல் அவர்களுடைய சொந்தக் கட்சிக்காரரான மாரிஸ் ஹில்க்விட் 'சாக்கடை ஸோஷலிஸ்டுகள்' என்று பரிகசித்தார். அந்தப் பரிகாசத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: சாக்கடையோடு நின்றுவிட்டால் கட்சிக்குக் கொள்கை எதற்கு? ஆனால் 2015-ல் முடிச்சூரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, நீர்வழியை மறித்தவர் யார், அவதிப்பட்டவர் யார் என்ற கேள்வி எழுந்ததல்லவா? வடிகாலைக் கடைசி வரையில் தொடர்ந்து போனால் நிலம், பணம், அதிகாரம் என்னும் பெரிய கேள்விகளில்தான் போய் நிற்போம்.

நேயர்களில் பலர் ஸோஷலிஸ்டுகளாக இருக்கமாட்டார்கள். இருந்தாலும் இதில் அவர்களுக்கும் லாபம் உண்டு. ஒரு கட்சி நோட்டுப் புத்தகத்தோடு தெருவுக்கு வந்தால், மற்றக் கட்சிகளும் வந்தே தீரவேண்டும். 2022 நவம்பர் 1-ந் தேதி பகுதி சபைகள் கூடியபோது, பம்மல் கூட்டத்தில் முதலமைச்சரே உட்கார்ந்து குறை கேட்டார். அத்தகைய சபைகள் வருஷம் முழுவதும் உயிரோடு இருக்க வேண்டுமானால், முதலமைச்சர் வராத நாளிலும் நாற்காலிகள் நிறைய வேண்டும். அங்கே முதலில் வந்து உட்காருகிற கட்சிக்கு நாளைய வோட்டு உரித்தாகும். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.