"நம்ம சாமியா?" என்று கேட்பவர்களுக்கு

கழுகுமலைச் சமணச் சிற்பங்களைப் பற்றி நான் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "அது என்ன நம்ம சாமியா சார்? உங்களுக்கு ஏன் இவ்வளவு கவலை?" படித்தவர்களும் கேட்கிறார்கள், என்னோடு பென்ஷன் வாங்குகிறவர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

"இது நம்முடையது இல்லை" என்ற எண்ணம் என்ன செய்யும் என்பதை இங்கிலாந்துச் சரித்திரத்தில் பார்க்கலாம். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் 'அல்பாத்ர்' என்றும் ஆங்கிலத்தில் அலபாஸ்டர் என்றும் சொல்லும் கல் ஜிப்சம் வகையைச் சேர்ந்தது. மிருதுவான வெள்ளைக்கல், கத்தியால் கீறினாலே கோடு விழும். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் நாட்டிங்ஹாம் வட்டாரத்துச் சிற்பிகள் இந்தக் கல்லைப் பலகையாக அறுத்து, ஏசுநாதர், மாதா, அர்ச்சிஷ்டர்கள் கதைகளைச் செதுக்கி, வண்ணமும் தங்கமும் பூசிக் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் விற்றார்கள். ராஜாவும் வாங்கினார், சாதாரண ஜனங்களும் வாங்கினார்கள்.

பிறகு அந்த நாட்டில் மதம் மாறியது. 1550-இல் கோயில்களிலுள்ள உருவங்களை அழிக்கச் சட்டமே வந்தது. முப்பாட்டன் காணிக்கையாக வைத்த பலகையைப் பேரன் உடைத்தான். சிலர் மட்டும் கப்பலில் ஏற்றிப் பிரான்சில் விற்றார்கள். இன்றைக்கும் அந்தப் பலகைகளில் பலவற்றைப் பிரான்சு நாட்டுக் கோயில்களிலும் மியூசியங்களிலும் பார்க்கலாம்.

இப்போது கழுகுமலைக்கு வாருங்கள். எங்கள் திருவேங்கடத்திலிருந்து தூரமில்லை. கழுகாசலமூர்த்தியைக் கும்பிடப் போகிறவர்களில் எத்தனை பேர் மேலே ஏறிப் பார்க்கிறார்கள்? பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகை எல்லாம் அங்கே உண்டு. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில், பாண்டியர் காலத்தில் செதுக்கியவை. பல சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில், இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி என்று வெட்டியிருக்கிறது. அப்படிக் கல்வெட்டுகள் ஏறக்குறைய 100 இருக்கின்றன. பெரும்பாலும் ராஜாக்கள் பெயர் அல்ல. ஆசிரியர்கள், அவர்களுடைய மாணாக்கர், குரத்தியர் என்னும் பெண் துறவிகள், ஊர்க்குடிகள் பெயர்தான். நாட்டிங்ஹாம் பலகையை வாங்கி வைத்தவர்களைப் போலவே இவர்களும் ஒரு பிரார்த்தனைக்காகச் செய்வித்தார்கள்.

இங்கேயும் மதம் மாறியது. சமணம் மங்கிச் சைவம் ஓங்கியது. அதே மலையில் சிவனுக்கு வெட்டுவான் கோயில், அடிவாரத்தில் முருகன், சமணச் சிற்பங்களுக்குப் பக்கத்திலேயே அய்யனார். ஆனாலும் அந்தச் சிற்பங்கள் இன்றுவரை நிற்கின்றன. நம் முன்னோர்கள் "நம்ம சாமியா?" என்று கேட்டுக் கடப்பாறையைத் தூக்கவில்லை. வேறு சாமியாக இருந்தாலும் சாமி என்று விட்டு வைத்தார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்து நாகரிகம் ஐயா இது!

அதை நம் காலத்தில் கெடுக்கிறோம் என்பதுதான் என் வழக்கு. மதுரைப் பக்கத்துச் சமண மலைகளைப் பாருங்கள். முனிவர்கள் படுத்த கற்படுக்கையில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள், பாறையில் பெயின்ட். கீழவளவில் சமணர் குன்றைச் சுற்றிக் கிரானைட்டுக்காக மலையையே அறுத்தார்கள். இங்கிலாந்தில் உடைத்தவனுக்காவது ஒரு கொள்கை இருந்தது. ஆணியால் கீறுகிறவனுக்கு என்ன கொள்கை?

"அதற்குத்தான் தொல்லியல் துறை இருக்கிறதே" என்பது அடுத்த சமாதானம். நானும் அரசாங்கத்தில் ஃபைல் பார்த்தவன்தான், ஆகவே சொல்கிறேன்: அறிவிப்புப் பலகை யார் கையிலிருந்தும் ஆணியைப் பிடுங்காது. ஊர்க்காரர்கள் கண் வைத்தால்தான் காப்பாற்ற முடியும். அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் ஊரே திரண்டு நின்றது. 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது.

அந்தத் திருமேனிகள் எந்த மதம் என்று கேட்காதீர்கள். அதன் கீழே எழுதியிருப்பது தமிழ், எழுதச் சொன்னவர்கள் தென்பாண்டி ஊர்க்காரர்கள். நம்முடையது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அடுத்த முறை பேரப்பிள்ளைகளோடு கழுகுமலை போனால், முருகனைக் கும்பிட்டுவிட்டு மேலேயும் ஏறுங்கள். முழங்கால் வலித்தால் பிள்ளைகளை மட்டுமாவது அனுப்புங்கள், அவர்கள் பையில் ஆணி, மார்க்கர் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு.