சிலந்தியையும் எண்ணுங்கள்

வீராணம் ஏரிப் பாசனத்தில், சிதம்பரம் வட்டாரத்தில் சம்பா நெல் விளைகிறது. அதற்கு வரும் பெரும்பகை புகையான் பூச்சி. பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். நாலு பூச்சியைக் கண்டதுமே தெளிப்பானைத் தோளில் மாட்டிவிடுகிறோம். இது சரியான முறையன்று என்பது என் கருத்து.

நான் இயற்பியல் கற்பிப்பவன். மேசைமேல் புத்தகம் அசையாமல் இருந்தால், அதன்மீது விசையே இல்லை என்று நீங்கள் கூறமாட்டீர்கள். எதிரெதிர் விசைகள் சமமாக உள்ளன என்பீர்கள். வயலும் ஏறக்குறைய அப்படித்தான். ஓநாய்ச் சிலந்தி புகையானைப் பிடித்துத் தின்கிறது. பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சி அதன் முட்டைகளை உறிஞ்சுகிறது. தெளிக்கும் நஞ்சு இந்த நண்பர்களையும் கொன்றுவிடுகிறது. புகையானின் முட்டைகளோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. சில நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்போது தடுப்பார் இல்லை. பூச்சி முன்னிலும் பெருகுகிறது.

இது புதிய செய்தியன்று. இரையையும் இரைகொல்லியையும் ஒருசேர அழித்தால் சராசரியில் இரையே கூடும் என்று இத்தாலியக் கணித அறிஞர் வோல்ட்டெரா 1926-இல் சமன்பாடுகளால் காட்டினார். 1986-இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. அதனால் அங்கு விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

"கடன் வாங்கிப் பயிரிட்டவர் சிலந்தியை நம்பிச் சும்மா இருக்க முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சும்மா இருக்க வேண்டாம், எண்ண வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஓர் எல்லை வகுத்துள்ளது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2. அதை எட்டினால்தான் தெளிப்பு.

ஒரு கணக்குப் பாருங்கள். 10 குத்துகளில் 150 தூர்கள், 225 புகையான்கள். தூருக்கு 1.5 ஆகிறது. சிலந்தியே இல்லையெனில் தெளிக்க வேண்டியதுதான். 10 சிலந்திகள் இருந்தாலோ பொறுக்கலாம். அதுவரை தேங்கிய நீரை வடிக்கலாம். யூரியாவை அளவோடு இடலாம். அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விடலாம்.

இந்த விடுமுறையில், மருந்து தெளிக்காத வயலில் இறங்கி எண்ணுங்கள். குறிப்பேட்டில் பகைக்கு ஒரு பத்தி, நண்பனுக்கு ஒரு பத்தி. தெளிப்புக்கு ஆள் சொல்லுமுன் அதை அப்பாவிடம் காட்டுங்கள்.