பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்

சட்டக் கல்லூரி தேடுபவர்கள் தரவரிசையைப் பார்க்கிறார்கள், மாதிரி நீதிமன்ற அறையின் தேக்கு மேடையைப் பார்க்கிறார்கள். இறுதியாண்டு மாணவரின் பதிவேட்டை யாரும் கேட்பதில்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு இரண்டின் விசாரணையையும் நேரில் கவனித்து அதில் எழுத வேண்டும், 30 மதிப்பெண். பல இடங்களில் அது அண்ணன்மார் எழுதியதைத் தம்பிமார் படியெடுக்கும் சடங்கு. ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுக்கு 12 வாரம் என்று விதித்த களப்பயிற்சியும் ஒரு சான்றிதழோடு முடிந்துவிடுகிறது.

சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்தவரை, வகுப்பு முடிந்ததும் நடந்தே போய் வாதம் கேட்கலாம். 2018இல் அது புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போனது. கட்டடம் புதிது, நீதிமன்றம்தான் தூரம். மாதிரி வழக்காடலில் வாங்கிய கோப்பைகள் எனக்குப் பெரிதாகப் படுவதில்லை. அங்கே சாட்சி பிறழ்வதே இல்லை! பிராதும் ஜாமீன் மனுவும் எழுதச் சொல்லித்தருபவர் இன்னும் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல்தானா, மாணவர் எழுதியதைத் திருத்தித் திருப்பித் தருகிறாரா என்று சேர்க்கைக்கு முன்பே விசாரியுங்கள்.