வண்டியிலிருந்து வீழ்ந்தபின்



பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ இல்லாத வீடு இன்று அரிது. வேலைக்குச் செல்வதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அதன் மீதே. பொங்கலுக்கு ஓசூர் சாலை வழியே தருமபுரிக்கும் சேலத்துக்கும் இருவராய்ப் புறப்படுவதும் அதன் மீதே. ஆயினும், வீழ்ந்துவிட்டால் செய்யத் தக்கது யாது என்பதை வீட்டில் அமர்ந்து பேசியவர் நம்முள் எத்தனை பேர்?

சென்ற ஆண்டு நம்மை நாடி வந்த ஓர் இளைஞரின் கதையைக் கேளுங்கள். கொத்து வேலை செய்பவர். பின்னால் வந்த கார் ஒன்று அவர் வண்டியை இடித்துத் தள்ளியது. காரில் வந்தவர் இறங்கி இன்சொல் பேசி, மூவாயிரம் ரூபாயைக் கையில் வைத்தார். கன்னடம் சரளமாக வராது. போலீஸ் என்றாலோ நடுக்கம். இளைஞர் பணத்தை வாங்கிக்கொண்டார். மருத்துவர் கேட்டபோது, வீண் வம்பு எதற்கென்று, “மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லிவிட்டார். பத்து நாளில் முழங்கால் வீங்கிற்று. தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. அறுவை செய்ய வேண்டுவதாயிற்று. நட்டஈடு கேட்கலாமா என்று வந்தார். காரின் எண் தெரியாது. மருத்துவச் சீட்டிலோ மாடிப்படி! நாம் என்ன சொல்வது?

ஆதலின், முதற்கண் சொல்ல வேண்டுவது இதுவே: நடந்ததை நடந்தபடி மருத்துவரிடம் கூறுங்கள். சாலை விபத்து என்று சொன்னால் மருத்துவமனையார் அதைச் சட்டத் தொடர்புள்ள வழக்காகப் பதிவு செய்து போலீசுக்குத் தெரிவிப்பர். பின்னாளில் நமக்குத் துணை நிற்பது அந்தப் பதிவே.

போலீஸ் வந்தால்தான் வைத்தியம் என்று எவரேனும் சொன்னால் அஞ்ச வேண்டா. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் காரால் மோதப்பட்டு, ஒரு மருத்துவமனை அவரை ஏற்காமல் வேறிடம் அனுப்ப, வழியிலேயே உயிர் நீத்தார். அச்செய்தியை ஒட்டி எழுந்த பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற் கடமை, மற்றச் சடங்குகள் பின்னர் என்று தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் அவ்வாறே பணிக்கிறது.

2016 பெப்ருவரியில் நம் நகருக்கு அருகே நெலமங்கலத்தில் நிகழ்ந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். லாரி மோதி உடல் இருகூறாகிய நிலையிலும் தம் உறுப்புகளைத் தானம் செய்யச் சொல்லி உயிர் துறந்தார் ஓர் இளைஞர். கருநாடக அரசு அவ்வாண்டே அவர் பெயரால் ‘ஹரீஷ் சாந்த்வனத் திட்டம்’ வகுத்து, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 25,000 ரூபாய் வரை தருவதாக அறிவித்தது. நடுவண் அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டமோ, அதற்கென அமைந்த மருத்துவமனைகளில் ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெற வழி செய்கிறது. சேர்க்கும்போதே இதைக் கேளுங்கள். கேளாதவர்க்கு யாரும் வலிய வந்து சொல்வதில்லை.

இனி, வீழ்ந்த இடத்தில் செய்யத் தக்கவை. 108 அல்லது 112 எண்ணை அழையுங்கள். குருதி ஒழுகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள், மூச்சுத் தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். சோடா வாங்கி வாயில் ஊற்றும் நம்மவர் பழக்கம் இருக்கிறதே, அதைக் கைவிட வேண்டும். மயங்கியவர்க்கு அது மூச்சுக் குழலில் இறங்கும். தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று நன்றாகப் பேசினாலும் நம்பிவிடாதீர்கள். மண்டைக்குள் குருதி கசிந்தால் சில மணி நேரம் தெளிவாயிருந்து பின் நினைவிழப்பதுண்டு. வாந்தி, மிகுந்த தூக்கம், பேச்சுக் குழறல் இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே புறப்படுங்கள். தலைக்காயத்துக்கு நிம்ஹான்ஸ், எலும்பு முறிவுக்கு ஜயநகரை அடுத்த சஞ்சய் காந்தி மருத்துவ நிலையம், இரண்டும் நம் நகரிலேயே உள்ளன.

பிறர் வீழ்ந்து கிடக்கக் கண்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். உதவியவரைச் சாட்சியாக வரும்படியோ பெயர் சொல்லும்படியோ வற்புறுத்தலாகாது என்பது இன்று சட்டம். இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றிய மாநிலம் கருநாடகம்.

உயிருக்கு இடரில்லை என்று தெரிந்தபின், வண்டிகளை அகற்றுமுன் கைப்பேசியில் படம் எடுங்கள். மோதிய வண்டியின் எண் தெளிவாக விழட்டும். பின்பு காவல் நிலையம். எந்த நிலையத்தின் எல்லை என்று தெரியாவிடினும் எந்த நிலையத்திலும் முறையிடலாம். எழுதியதைப் படித்துக் காட்டி, முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகத் தரவேண்டியது அவர்கள் கடமை. கன்னடத்தில் எழுதிய தாளில், பொருள் விளங்காமல் கையெழுத்திடாதீர்கள். “சமாதானமாகப் போய்விட்டோம்” என்ற ஒரு வரி அதில் இருந்தால் பின்னர் எல்லாம் சிக்கலே.

நட்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஊரிலேதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம். ஊர் திரும்பிவிட்ட குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆறு திங்களுக்குள் என்ற வரம்பு 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருப்பதால், காயம் ஆறட்டும் என்று காத்திராதீர்கள். மோதிய வண்டி தெரியாமலே போனாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் பெருங்காயம் பட்டவர்க்கு 50,000 ரூபாயும் பெற வழி உண்டு. வண்டிக் காப்பீட்டில் மலிவானதை எடுப்போர் ஒன்று கவனிக்க: மூன்றாமவர்க்கு மட்டுமான காப்பீடு, நம் பின்னே அமரும் மனைவிக்கு உதவாமற் போகலாம். முழுக் காப்பீடு எடுப்பதே நன்று.

கன்னடம் படிக்கவும் எழுதவும் வல்லவர் நம் சங்கத்தில் பலர் உளர். நள்ளிரவாயினும் அவர்களுள் ஒருவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கொத்து வேலை இளைஞர் இன்னும் கைத்தடியோடுதான் நடக்கிறார்.